‘வரேன்’ என்று வந்த பதில்

ஐப்பசி 14, செவ்வாய் இரவு.

பதினேழு வருஷம் ராணுவ சிக்னல்ஸில் குப்பை கொட்டியவன் நான். ஒரே ஒரு சொல்லில் இப்படிக் கோட்டை விட்டிருக்கக் கூடாது.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிர்மாடியில் ஆபீஸ். படகுகளுக்கு வயர்லெஸ் பொருத்தி, கரையிலிருந்து அவற்றோடு பேசும் கம்பெனி. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மதியம் காற்று எச்சரிக்கை வந்ததும், கடலில் இருந்த ஐந்து படகுகளையும் கரைக்குத் திரும்பச் சொன்னேன். நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது ஏழுமலையின் படகு. “கேட்டுச்சுண்ணே, வரேன்,” என்றான். பதிவேட்டில் ‘திரும்புகிறது’ என்று எழுதினேன். பட்டாளமாக இருந்தால், நான் சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்திருப்பேன். இங்கே அந்த மிடுக்கு வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

இருட்டியதும் அவன் மனைவி செல்வி ஆபீஸுக்கு வந்தாள்.

“இன்னாண்ணே சொன்னாரு?”

“வரேன்னு சொன்னாரும்மா.”

“அப்பாலிக்கா எதுனா பேசினாரா?”

“இல்ல. மைக்கை வெச்சுட்டாரு.”

அவள் வயர்லெஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “காலைல வூட்ட வுட்டுக் கிளம்பும்போதும் வரேன்னுதாண்ணே சொன்னாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கரைக்குத் திரும்புவதாகச் சொல்லவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு விடைபெற்றிருக்கிறான்.

பத்து மணிவரை கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல் மட்டும்தான் வந்தது. சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மறுபடி ஆபீஸுக்குக் கிளம்பப் போகிறேன். கதவைச் சாத்திக்கொள்ள என் மனைவி வாசலில் நிற்கிறாள். அவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியவில்லை.