தடுப்பூசி என்று சொன்ன ஊசி

எட்மண்டன், லண்டன்

என் அன்பு மகள் தனுஷியாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். நீயும் மெல்பேர்ன் குளிரில் சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய நீளக் கட்டுரையை அப்பாவும் நானும் குந்தியிருந்து வாசித்தோம். நூறு வருடத்துக்கு முன் இங்கே ஹொலோவேயில், நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், ஏழைப் பெண்களுக்கென்று கருத்தடை கிளினிக் திறந்தார்கள் என்பதும், திறந்தவர்களின் மனதில் அந்தப் பெண்கள் மேல் இருந்த இரக்கத்தோடு, ஏழைகளும் நோயாளிகளும் புத்தி குறைந்தவர்களும் பெருகினால் இனம் கெட்டுவிடும் என்ற எண்ணமும் கலந்திருந்தது என்பதும் எனக்குப் புதிது. வாசித்து முடித்ததும் அப்பா, அப்ப எங்களைப்போல ஆக்களைத்தான் சொல்லியிருக்கினம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கட்டுரைக்கு அடியில் நீ எழுதியிருந்தாய், மிதுவுக்கு அந்த ஊசியைப் போட விட்டால் நீங்களும் அவர்களில் ஒருவர்தான் அம்மா என்று. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். கோபம் இருக்கிறது, ஆனால் உன் மேல் இல்லை.

உன் தங்கை மிதுவுக்கு இருபத்திநாலு வயது. மற்றவர்கள் ஒரு தரம் கேட்டு விளங்குவதை அவள் நாலு தரம் கேட்டு விளங்குவாள், அவ்வளவுதான் அவள் குறை. அவள் பகலில் போய்வரும் டே சென்டரில், குசினிக்குப் பின்னால் அவளும் அங்கு வரும் றொமேஷும் கை பிடித்துக்கொண்டு நின்றதை யாரோ கண்டுவிட்டார்கள், அன்றைக்கே எனக்குப் போன். கருத்தடை ஊசி போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று அங்குள்ள பொறுப்பாளர் மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த எல்லோருக்குள்ளும் மிது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. றொமேஷின் தாய்க்கும் போன் எடுத்தீர்களா என்று கேட்டேன், இல்லையாம். இதைப் போய் சுசிலா மாமியிடம் சொன்னேன். போட்டுவிடுங்கோ, இப்பிடிப் பிள்ளையளுக்குப் பிள்ளை என்னத்துக்கு, நாளைக்கு தனுவுக்குக் கலியாணம் பேசேக்கையும் கேப்பினமெல்லோ என்றாள். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் மிதுவைப் பார்த்துவிட்டு, பரம்பரையில வேற ஆருக்கும் இருக்கோ என்று விசாரித்தது உனக்கு மறந்திருக்காது. அந்த வெள்ளைக்காரர் எழுதிவைத்ததை எங்கள் ஆட்கள் வாசிக்காமலே, ரோல்ஸ் கடித்துக்கொண்டு சொல்லுவார்கள். அதையும் உன் கட்டுரையில் சேர்.

பிறகு பூசை முடிய ஃபாதரிடம் போனேன். கருத்தடை பாவம் என்றார். படித்தவர்களில் பலர் அந்தப் பக்கம் நின்ற காலத்தில், பலவீனமானவர்களுக்காகத் திருச்சபை எதிர்த்து நின்றது என்றும் சொன்னார். உன் கட்டுரையிலும் அது இருக்கிறது, நான் மறுக்கவில்லை, பெருமையாகவும் இருந்தது. ஆனால் மிது பிறந்த கையோடு, இனி ஒரு பிள்ளையை உன் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொன்ன பிறகும், மருந்து மாத்திரை கூடாது, புருஷனைத் தள்ளிப் படுக்கச் சொல் என்றதும் இதே திருச்சபைதான். வன்னியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் நாலு பேரும் படுத்தோம், எங்கே தள்ளுவது? அடுத்தது ஏழாம் மாதத்தில் போனது. நீ சின்னப் பிள்ளை, தம்பிக்குப் பேர் எல்லாம் யோசித்து வைத்திருந்தாய். இதை ஃபாதரிடம் சொன்னேன். நல்ல மனுசன், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஏழை பெறக்கூடாது என்று ஒரு கூட்டம், பெற்றே ஆக வேண்டும் என்று இன்னொரு கூட்டம், பெறுகிறவளின் சொல்லைக் கேட்க இரண்டு பேருக்கும் நேரமில்லை.

போன வியாழன் மிதுவை எங்கள் ஜீ.பி. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மிதுவின் இங்கிலீஸ் கடைக்குப் போதும், டொக்டருக்குப் போதாது. குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாதாம், அது நல்ல சட்டம்தான். என்னைச் சுவரோரக் கதிரையில் இருத்திவிட்டு நேர்ஸ் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். இந்தியத் தமிழ் பேசும் பையன். இளம் பெண்ணிடம் கருத்தடை என்ற சொல்லைச் சொல்ல வெட்கம் போல. இது ஒரு தடுப்பூசிம்மா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பயப்படாதீங்க என்றார். மிது, கொரோனா ஊசி மாதிரியோ, ஓம் போடுங்கோ என்று சட்டைக் கையைச் சுருட்டினாள். நேர்ஸ் சந்தோசமாக ஊசியை எடுத்தாள். வாய் திறக்கக் கூடாது என்றிருந்த நான் எழும்பிவிட்டேன். இல்லைப் பிள்ளை, இது வருத்தம் வராமல் தடுக்கிற ஊசி இல்லை, வயித்தில பிள்ளை வராமல் தடுக்கிற ஊசி என்றேன். அவள் கையைச் சுருட்டியபடியே என்னைப் பார்த்து, பிள்ளை ஒரு வருத்தமோ அம்மா என்று கேட்டாள்.

நாங்கள் நோயைத்தான் வருத்தம் என்போம், இந்தியப் பையனுக்கு வருத்தம் என்றால் கவலை. பிள்ளை என்றால் துக்கமா என்று கேட்கிறாள் என்று அவர் இங்கிலீசில் சொன்னார். நேர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பிறகு நேர்ஸ் அவசரப்படாமல் படம் கீறிக் காட்டி, முதலிலிருந்து தொடங்கினாள், அந்தப் பையனும் வெட்கத்தை விட்டு ஒழுங்காகச் சொன்னார். மிது எல்லாம் கேட்டுவிட்டு, றொமேசுக்கும் குத்துவியளோ என்றாள். நேர்ஸுக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. குழந்தை வேணுமா என்று கேட்டதற்கு, இப்ப வேண்டாம், அழும் என்றாள். அப்போ ஊசி போடவா என்றதற்கு, நான் யோசிச்சுச் சொல்லுறன் என்றாள். அவளைப் பற்றி மற்றவர்கள்தான் யோசித்துச் சொல்வார்கள், இதுவரை அவள் சொன்னதில்லை. வாற வியாழன் திரும்பப் போக வேண்டும்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். அவள் ஓம் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு உள்ளுக்குள் ஆசை. நானும் அப்பாவும் கிழடு தட்டிக்கொண்டு வருகிறோம், ஒரு பிள்ளை வந்தால் யார் பார்ப்பது என்ற பயம் எனக்கும் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு நீ என்ன பேர் வேண்டுமானாலும் வை. அதனால்தான் வீட்டில் அவளோடு இதைக் கதைக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறேன். நீ வேண்டாம் என்று கத்துகிறாய், ஃபாதர் பாவம் என்கிறார், டே சென்டர் நிம்மதி என்கிறது. வியாழன் அவள் மட்டும் உள்ளே போவாள், நான் வெளியில் இருப்பேன். போடச் சொன்னால் நீ அழக்கூடாது, வேண்டாம் என்றால் நான் அழக்கூடாது.

மாதா உனக்குத் துணை நிற்கட்டும், அப்பாவின் ஆசீரும் என் முத்தங்களும். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு படு. வியாழனுக்கு முன் ஒரு நாள் மிதுவோடு கதைக்கப் போன் எடு. உன் கட்டுரையில் இருப்பதை அவளுக்கும் சொல், நாலு தரம் சொல்ல வேண்டியிருக்கும், சொல். எப்போதும் போல சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, போனை அம்மாட்டைக் குடு என்று மட்டும் சொல்லாதே.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
றெஜினா