டீச்சர் சொன்னால் இறங்கும் படகு

மணமேல்குடி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள திலகவதிக்கு,

இங்கே நான் நலம். நீயும் கார்த்திகாவும் பேத்தியும் பெங்களூரில் சௌகரியமாக இருப்பீர்கள். போனில் பேசினால் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது மாப்பிள்ளை காதில் விழவேண்டாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். சென்னைப் பையன்கள் இரண்டு பேர், பாய் கட்டிய பலகையில் நின்றபடி கடலுக்குள் போயிருந்தார்கள். மதியத்துக்கு மேல் காற்று விழுந்துவிட்டது. காற்றில்லாத பாய் பெட்ரோல் இல்லாத பைக் மாதிரிதானே. பலகைமேல் உட்கார்ந்தபடியே நீரோட்டத்தில் இழுபட்டுப் புள்ளியாகிப் போனார்கள். கூட வந்த ஹரிணி என்ற பெண் கரையில் அழுதுகொண்டு நின்றாள். கடலோரக் காவலர்களுக்குப் போன் செய்தேன். படகு வேறு பக்கம் போயிருக்கிறது, வந்து சேர இருட்டிவிடும் என்றார்கள்.

நம் ஊர்ப் படகுகள் எல்லாம் கரையில்தான் கிடந்தன. அன்று காலையில்தான் சவரியப்பனின் தகப்பனார் இறந்திருந்தார். அடக்கம் முடியும்வரை ஒரு படகும் இறங்காது என்பது உனக்குத் தெரியாததல்ல.

சாவு வீட்டுப் பந்தலில் இருந்த ஆண்களிடம் பேசினேன். பள்ளி மணி அடித்தபிறகு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் தூக்காமல் வீட்டுக்குப் போய்விடுவோமா என்று உதாரணம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீரய்யா, "சார் சொல்றது ஞாயந்தான். டீச்சருக்கு ஒரு போனப் போடுங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்றான். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

உனக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நீ என்னிடம் மேற்கொண்டு பேசவே இல்லை. "போன அடைக்கலமேரிகிட்டக் குடுங்க" என்றாய். இறந்தவரின் மனைவியிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீயோ முதலில் படகைப்பற்றிக் கேட்கவில்லையாம். அவளோடு சேர்ந்து அழுதாயாம். அப்புறம்தான் பையன்களைப்பற்றிச் சொன்னாயாம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எந்திரிங்கடா. மனுசன் உசுரோட இருந்தா இந்நேரம் பாதிக் கடலு போயிருப்பாரு. நீங்க வர்றவரைக்கும் அவரு காத்துக் கெடப்பாரு" என்றாள். நாலு படகு இறங்கியது. சவரியப்பனும் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். உதடு வெடித்து, நடுங்கிக்கொண்டிருந்தார்கள். போர்வை கொடுத்தவன் நான், வெந்நீர் வைத்தவன் நான். கோபிநாத் என்ற பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டீச்சரைப் பார்க்கணும் சார்" என்றான்.

மறுநாள்தான் அடக்கம். பையன்களும் கூட நடந்தார்கள். அங்கேயும் உன் பேச்சுத்தான். மீன்காரிகூட விலை சொல்வதற்குமுன் நீ எப்போது வருவாய் என்கிறாள். பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை நீ அங்கேயே இருக்கவேண்டும் என்று கார்த்திகா கேட்பதும் நியாயந்தான். தத்தித் தத்திப் பேசுகிற குழந்தைமேலும் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டேன். அதை மட்டும் கார்த்திகாவிடம் சொல்லாதே.

முப்பதாம் நாள் பூசைக்கு டீச்சர் வருவார்களா என்று அடைக்கலமேரி கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தவறுதான். நான் கூப்பிட்டு வந்ததாக இருக்கவேண்டாம், அவள் கூப்பிட்டதாகவே இருக்கட்டும். இந்த ஊரில் என் சொல்லும் ஒருமுறை பலிக்கட்டும்.

பேத்திக்கு என் முத்தம். எல்லாரும் நன்றாக இருங்கள்.

உன்,
ஆத்மநாதன்