ஒன்பது வருஷம் மறைத்த நோய்

காத்தான்குடி
1937 பங்குனி 9

அன்பு மகன் உசனாருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவும் தங்கச்சி றம்லாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பினாங்கில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அப்படியே இருக்கத் தினமும் துஆச் செய்கிறேன். என் சுகத்தை மட்டும் இம்முறை வழக்கம்போல் எழுத முடியவில்லை.

ஒன்பது வருஷமாக எனக்குச் சலம் போவதில் கஷ்டம், குந்தியிருந்து முக்கினால்தான் சொட்டுச் சொட்டாகப் போகும். வயதானால் உள்ளதுதான் என்று உன் உம்மாவிடமும் சொல்லவில்லை. இடையில் இரண்டு வருஷம் கொஞ்சம் இலகுவாகப் போனது, சுகமாகிவிட்டது என்று நம்பினேன். போன மாசியில் உன்னிச்சை வயல் வட்டைக்கு நெல்லுச் சூடு மிதிப்புப் பார்க்கப் போன இடத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. வண்டியில் வவுணதீவுக்கு வந்து, தோணியில் வாவியைக் கடப்பதற்குள் மானம் மரியாதை எல்லாம் விட்டுத் தோணிக்காரன் முன்னால் வாய்விட்டு அழுதேன் மகன். ஆஸ்பத்திரியில் இறப்பர்க் குழாய் போட்டு ஒன்றரைப் போத்தலுக்கு மேல் எடுத்தார்கள். உன் உம்மா என் கால்மாட்டில் நின்று, “இவ்வளவு காலமும் என்னட்டயும் மறைச்சிட்டீங்களே” என்று கேட்டு அழுதாள்.

உன் சாச்சா கச்சி முகம்மதுவுக்கு முந்தின வருஷம் சலக்கல் அடைத்தது உனக்குத் தெரியும். கல்லை எடுத்த மூன்றாம் நாளே அவன் தானாகச் சலம் கழித்தான். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று இருந்தேன். குழாயை மூன்று தரம் கழற்றிப் பார்த்தார்கள், மூன்று தரமும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஏன் என்று கேட்டேன். டாக்குத்தர் ஒளிக்காமல் சொன்னார். “உங்கட தம்பிக்கு ஐம்பது வயசு. வழி அடைபட்டா அந்த வயசில சலப்பை தன்ர சதையத் தடிப்பாக்கிக்கொண்டு பலமாத் தள்ளும், அடைப்பை எடுத்தா மறுகா தேறிடும். உங்கட பையும் முதல்ல அப்படித்தான் தள்ளியிருக்கு, சுகமான மாதிரி இருந்தது அதுதான். ஆனா வயசான சதை கனகாலம் ஈடுகொடுக்காது. இப்ப அது நாராகி, இழுபட்டுத் தொய்ஞ்சிட்டுது.” எனக்கு வழியை அடைப்பது கல் அல்ல, வயதில் வளர்ந்த சதையாம்; கொழும்புக்குப் போய் அதை வெட்டினாலும் பை தள்ளும் என்று சொல்ல முடியாதாம், எழுபத்தொரு வயதில் வெட்டுத் தாங்குவதும் சந்தேகமாம். நான் போகவில்லை.

இப்போது குழாயோடுதான் இருக்கிறேன். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாகக் கைகால் கழுவி ஒழுச்செய்து தொழலாம், சலம் ஒழுகினாலும் குற்றமில்லை என்று ஆலிம் சொன்னார். ஆனால் முப்பது வருஷம் தொழுகை நடத்திய பள்ளியில் மணத்தோடு முன்னால் நிற்க மனம் வரவில்லை, நானே ஒதுங்கிக் கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்கிறேன். நாலு நாளாக நடுக்கத்தோடு காய்ச்சலும் இருக்கிறது. சலம் கலங்கிப் போகிறது. குழாய் வழியே கிருமி ஏறிவிட்டது என்கிறார் டாக்குத்தர்.

இதையெல்லாம் பெற்ற பிள்ளைக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுத வைத்தது உன் கூட்டாளி இப்றாஹிம். பினாங்கிலிருந்து ஊருக்கு வந்து, போன கிழமை என்னைப் பார்க்க வந்தவன் உன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னான். “உங்கட மகன் ஒழுச்செய்யப் போனா வரவே மாட்டார், ஜமாஅத்துத் தொழுகை முடிஞ்சாலும் கிணத்தடியிலதான்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சலம் போய் முடியாமல் அப்படித்தான் நின்றேன் மகன், என்னையும் மார்க்கப் பேணுதலான ஆள் என்றார்கள்.

உனக்கு நாற்பத்தாறு வயது. உன் பையில் இன்னும் பலம் இருக்கும். கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, கடிதம் கண்ட அன்றே அங்குள்ள டாக்குத்தரிடம் போ. கொஞ்சம் குறைந்தால் சுகமாகிவிட்டது என்று இருந்துவிடாதே. மருமகளிடமும் மறைக்காதே. என்னைப் பார்க்க இப்போது கப்பல் ஏறவும் வேண்டாம், முதலில் உன்னைக் காட்டு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் தருவானாக. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். டாக்குத்தர் சொன்னதை ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பு. வாசிக்க நான் இல்லாவிட்டாலும் சாச்சா உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மு. அகமது லெப்பை