மூலைமட்டத்துக்கு வைத்த சந்தனம்

2-9-42, புதன்
இன்றும் பயிற்சிப் பட்டறையில் கோதண்டத்தின் வேலையைத்தான் தூக்கிக் காட்டினார் ஜானகிராமன் வாத்தியார். அரம் பிடித்தால் இப்படிப் பிடிக்கவேண்டுமாம். என்னுடையதைப் பார்த்து "உம்" என்றார். அவ்வளவுதான்.

யுத்தத்துக்கு ஆள் வேண்டும், சில மாதத்தில் பிட்டராக்கித் தருகிறோம் என்று சர்க்கார் தண்டோரா போட்டபோது ஆவடியில் நின்று கேட்டவன் நான். முத்தாபுதுப்பேட்டைக்கு நடந்துபோய், துணைக்கு வாடா என்று அத்தை மகன் கோதண்டத்தைக் கெஞ்சியவன் நான். துணைக்கு வந்தவனுக்கு வந்த வாழ்வைப் பார்!

11-9-42
அவனோடு பேசவில்லை. பட்டறைக்குப் போகும் ரயிலில் வேறு பெட்டி.

30-9-42
தேறியவர்களைச் சர்க்காரே கப்பலேற்றி, சீமைத் தொழிற்சாலைகளில் மேற்கொண்டு பழக்குகிறதாம். எங்கள் பிரிவிலிருந்து ஒருவன். இருபதாம் தேதி பரீட்சை. ஓர் இரும்புத் துண்டை அராவிச் சதுரமாக்க வேண்டும், நாலு மூலையும் நேராக.

நான்தான் போகவேண்டும். இல்லையென்றால் நெமிலிச்சேரியில் அண்ணனுக்கு ஏர் பிடித்தே சாகவேண்டியதுதான். கோதண்டத்துக்கு எதற்குச் சீமை? அவனுக்குப் பூந்தமல்லிச் சந்தையே சீமை.

18-10-42, ஆயுத பூஜை
பயிற்சியில் நாங்களே செய்த மூலைமட்டத்தை, மூலை நேரா என்று வைத்துப் பார்க்கும் அந்த ‘ட’ வடிவ இரும்பை, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா சந்தனம் அரைத்தாள். ஒரு பொட்டு போதும் என்றாள். நான் கேட்கவில்லை, உள்ளும் புறமும் அப்பினேன். தாயே, என்னை அனுப்பு. அவனை அனுப்பாதே. — இப்படியும் வேண்டலாமா? வேண்டிவிட்டேன்.

20-10-42, காலை
ரயிலில் கோதண்டம் தன் மட்டத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். பூஜைச் சந்தனம், தானாய் உதிரும்வரை தொடக்கூடாது. அதுகூடத் தெரியாதவன். தொலைந்தான் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

21-10-42
போச்சு. எல்லாம் போச்சு.

என் மட்டத்தை வைத்துப் பார்த்தே நான் அராவிய துண்டை, தம் மட்டத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார் வாத்தியார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. நாலு மூலையும் கோணல். என் மட்டத்தை வாங்கி உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காய் விழுந்தது.

"துண்டு இதும்மேல ஒக்காந்துகினு கீது. அப்பால எப்டிப்பா நேரா வரும்?"

கோதண்டம் தேறிவிட்டான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன்.

6-12-42
அவன் கிளம்பினான். அம்மா என்னையும் ஆவடி ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனாள். கோட்டு, பூட்ஸ், கழுத்தில் மாலை. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. வண்டி நகரும் சமயத்தில் தன் மூலைமட்டத்தை என் கையில் திணித்தான்.

"அங்க வேற குடுப்பாங்களாம் மச்சான். இது உன்கிட்டயே கெடக்கட்டும். நீ இட்டுகினு போவலன்னா நான் ஏது?"

ஏன்டா இவ்ளோ நல்லவனா இருந்து தொலைக்கிற? நிம்மதியா பொறாமைப்படக்கூட உடமாட்டியா?

ஆயுத பூஜைக்கு மறுநாள், 1943
ஆவடி ராணுவப் பட்டறையில் பிட்டராகி இது முதல் பூஜை. நேற்று என் மட்டத்துக்கு வெளிப்புறத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்தில் கோதண்டத்தின் மட்டத்துக்கும் ஒன்று. கடலில் குண்டு போடுகிறார்களாம். அவன் கப்பல் பத்திரமாய்த் திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சீமையை நினைத்தால் இன்னும் எரிகிறது, அது வேறு.

காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டையும் துடைத்தேன். அவனுடையதை முதலில்.