இடது பக்கத்தில் விட்ட வரி

மதினி,

சின்னவன் காலையிலிருந்து இரண்டு தடவை பால் கக்கிவிட்டான். என் தோளெல்லாம் அந்தப் புளித்த வாடை. சேலையைக்கூட மாற்றாமல் அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய் வந்தேன். "ரெண்டு தடவைக்கா வந்தீங்க?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அசதியாக இருக்கிறது. நீங்கள் போய் நாலு வருசம் கழித்து, அவன் தூங்குகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உங்கள் எடையைக் குறைக்க ஆபரேஷன் இருக்கிறது என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னபோது நம் பக்கம் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டு விதம் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் அச்சடித்த தாளைக் கொடுத்தனுப்பினார். பி.எஸ்ஸி. படித்தவள் என்று ராஜபாளையத்திலிருந்து என்னை வரவழைத்தீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணனுடைய பால்கோவாக் கடைக்குப் பின்னால், அடுப்புப் பக்கத்தில், மூத்தவளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாளை நடுவில் மடித்து எழுதினேன். இடது பக்கம், இரைப்பையைத் தைத்துச் சின்னதாக்குவது. வலது பக்கம், அதோடு குடலையும் வெட்டி வேறு இடத்தில் சேர்ப்பது.

குடலை வெட்டுவது என்றதுமே எனக்கு உதறல். அதனால் வலது பக்கத்துக் கெடுதலை ஒன்று விடாமல் எழுதினேன். சேர்த்த இடம் கசியலாம். ரத்தம் குறையும், ஆயுசுக்கும் சத்து மாத்திரை. இனிப்பு தின்றால் வேர்த்துப் படபடத்து மயக்கம் வரும். இடது பக்கத்துக்கு வந்ததும் கை இளகிவிட்டது. சோறு அடைக்கும், மென்று தின்ன வேண்டும். தையல் விட்டால் எடை திரும்பும். வாந்தி வரும், போகப் போகச் சரியாகும்.

கோவா கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டீர்கள். "இனிப்பு தின்னா மயக்கமா? பதம் பாக்காம எப்படிட்டி கோவாவ எறக்குறது? ஒங்க அண்ணன் நாக்க நம்புனா அம்புட்டும் கருகிப் போகும்."

"கேக்குது, கேக்குது" என்றார் அண்ணன், கடைக்குள்ளிருந்து.

நெய் பட்ட விரலை இடது பக்கத்தில் வைத்து, "இதான்" என்றீர்கள். எனக்கும் நிம்மதி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "இன்னைக்கு பஸ்ல எம் பக்கத்துல ஒருத்தி உக்காந்தாட்டி. எடம் இருந்துச்சு!" அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. காபி குடித்த கையோடு வாந்தியெடுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினீர்கள். திரும்பி வந்து என் காதில், "ரெண்டு வாரமா இப்பிடித்தான். நாளும் தள்ளிப் போயிருக்கு" என்றீர்கள். கல்யாணமாகி ஒன்பது வருசம். எதிர்வீட்டு அக்கா விசயம் தெரிந்து உப்பு மாங்காயோடு வந்துவிட்டார். "மொகத்தப் பாத்தாலே தெரியுதே, இது அந்த வாந்திதான்!"

நான் பேருக்கு, "டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவமா மதினி?" என்றேன்.

"வாந்தி வரும், சரியாகும்னு நீதான எழுதிருக்க? நாப்பது நாள் போகட்டும், பொறவு காட்டிக்கிடலாம்."

அடுத்த வாரம் நான் அங்கே வந்தபோது என்னைப் பார்த்து, "ஏட்டி, ரெண்டு பேரா வார?" என்றீர்கள். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. உள்ள கெடக்குறதும் ரெட்டையோ என்னமோ." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மதினி. எழுந்தபோது கால் பின்னிச் சுவரைப் பிடித்தீர்கள். அதையும் மசக்கை என்றோம்.

மறுநாள் உங்களால் எழுந்திருக்கவே முடியவில்லை. மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாளா வாந்தி?" மூன்று வாரத்துக்கு மேல். வயிற்றில் பிள்ளை இல்லை. மளமளவென்று இளைத்ததில் நாள் நின்றிருந்தது. தின்றது எதுவும் தங்காமல், நரம்புக்கு வேண்டிய ஒரு வைட்டமின் உடம்பில் இல்லாமலே போயிருந்தது. ஊசி போட்டார்கள். "முன்னாடியே வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார் டாக்டர். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

பதினாறு முடிந்தபின் அந்த அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். வாந்தி சரியாகும் என்பதற்கு அடுத்த வரி: தொடர்ந்து இருந்தால் உடனே வரவும். எழுதும்போதே அதைப் படித்தேன். நீங்கள் பயப்படுவீர்கள் என்று விட்டேன். பயந்தது நீங்கள்கூட இல்லை, நான்தான்.

இப்போது தெருவில் யாராவது மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னால், அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடுகிறேன்.

நான் எழுதிய தாளை அண்ணன் கடைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். உங்கள் விரல் பட்ட நெய்க்கறை அதில் இருக்கிறது. "அவளாத் தொட்டு எடுத்த முடிவும்மா, யாரைச் சொல்ல?" என்பார். அச்சடித்த தாள் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில். அதை அவர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். அவர் வரும் ஒவ்வொரு தடவையும் பீரோ வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். இன்று அதை எடுத்துச் சேலைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன்.