இரும்பு இல்லாத ஷூ

தூத்துக்குடி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள செல்விக்கு,

மஸ்கட்டில் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் நிறையக் குடி. நம் மகள் சந்தனச்செல்வி ஒழுங்காகக் கல்லூரிக்குப் போகிறாள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து அனுப்புவேன்.

கடை நிலவரம் உனக்குத் தெரியும். இப்போது கல்யாண வீட்டுக்கும் வெள்ளை சோல் வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூதான். நம்மிடம் போட்டு அளவு பார்த்துவிட்டு, வாசல் தாண்டுவதற்குள் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள் மகராசர்கள். துறைமுகத்தில் சுமை தூக்கும் இளவட்டங்கள்கூட முனையில் இரும்பு வைத்த பூட்ஸைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். கனமாம், போட்டால் கிழவன் மாதிரி தெரிகிறதாம்.

அதனால்தான் டெல்லியிலிருந்து அந்தச் சரக்கை இறக்கினேன். பார்க்க ஸ்போர்ட்ஸ் ஷூ, பக்கத்தில் 'சேஃப்டி' என்று அச்சு, முனையில் வெறும் பிளாஸ்டிக். எனக்குத் தெரியும் செல்வி. தெரிந்துதான் விற்றேன். பூட்ஸ் வாங்க வருபவர் முன்னால் சுத்தியலால் முனையில் ஓங்கி அடித்துக் காட்டுவேனே, துறைமுகத்தில் சுமை தூக்கும் மாரிராஜுக்கும் இந்த ஷூவில் அடித்துக் காட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் கப்பலிலிருந்து இறக்கிய பெரிய மரக்கட்டை அவன் வலது காலில் விழுந்துவிட்டது. நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். வயது இருபத்தாறு. காண்ட்ராக்டரோ, அவன் பாதுகாப்பு பூட்ஸ் போடாமல் சாதாரண ஷூவில் வந்தான், இழப்பீடு கிடையாது என்கிறார்.

நேற்று அவன் பெண்டாட்டி சங்கரம்மாள் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றே நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணாச்சி, சேஃப்டி ஷூன்னு நம்பித்தான் அவுக வாங்குனாவன்னு ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுதியளா?" என்று மட்டும் கேட்டாள். டெல்லிக்காரன் என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, எனக்காகவும் வருத்தப்பட்டாள்.

வாயைத் திறக்காதே, கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள், மகளை நினைத்துப் பார் என்று நீ போனில் சொன்னாய். அவளை நினைக்காமல் இல்லை. ஆனால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நாளை பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. தெரிந்தே விற்றேன் என்று சொல்லப்போகிறேன். ஆறு வருடமாக நீ அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து அனுப்பியதெல்லாம் இந்தக் கடையில்தான் கிடக்கிறது. உன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன்.

நாளைக்குப் பிறகு ஊரில் யார் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களோ தெரியாது. நீ பேசு செல்வி. திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு.

உன்,
தளவாய்