அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை

என் பிரியமுள்ள சூசை மச்சான்,

மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் பழையதுதான், உள்ளே ஓடுகிற சிஸ்டம் மட்டும் புதிது. உங்களிடம் கேட்காமல் அதில் கை வைத்ததற்கு முதலில் நீங்கள் திட்டுவீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போனபிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடல் மோசம் என்று தகவல் வந்தால், நீங்கள் பேசிப் பதிவு செய்து வைத்ததையே கூரைமேல் இருக்கிற ஒலிபெருக்கிக் குழாயில் போடுவோம். "சங்கத்துல இருந்து சூசை பேசுதேன். கடல் சரியில்ல. யாரும் தொழிலுக்குப் போவ வேண்டாம். வள்ளத்த மேல ஏத்திக் கெட்டுங்க." அப்புறம் மைக்கை அணைக்க மறந்து, சோறு கொண்டுவந்த அக்காவிடம் நீங்கள் சொன்னது: "ஏளா, அந்தத் தண்ணிய எடு." தெருவே அதைக் கேட்டுச் சிரிக்கும். அக்கா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள். வீட்டில் உங்கள் போட்டோ எத்தனையோ இருக்கிறது, குரல் அந்த ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக வானிலைப் பக்கமே அதில் திறக்கவில்லை. பழைய சிஸ்டம், இனி எதுவும் ஏறாது என்றார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதாவது! இலவசமாகக் கிடைக்கிற ஒரு சிஸ்டத்தை நானே டவுன்லோடு செய்தேன். மொத்தச் சிஸ்டத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், டிஸ்க் இமேஜ் என்று பெயர்.

உங்கள் பதிவை முதல் வேலையாக ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அதிலேயே இந்தக் கோப்பையும், திருவிழாவுக்குப் பாட்டு ஏற்றுகிற மாதிரி, அப்படியே காப்பி செய்து செருகினேன். கம்ப்யூட்டர் அதைச் சட்டையே செய்யவில்லை. அப்படிக் காப்பி செய்தால் ஆகாது, அதற்கென்று இருக்கிற மென்பொருளை வைத்துத்தான் பென்டிரைவில் எழுத வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டு லேப்டாப்பை வைத்து அதே பென்டிரைவில் எழுதினேன். நடுவில் அது என்னவோ கேட்டது. துறைமுக ஆபீஸில் கப்பல் பேப்பருக்கு முத்திரை குத்துகிற கை அல்லவா, படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சங்கத்துக்குப் போனேன். சாவி இப்போது அக்காவிடம்தான், அவளும் கூட வந்தாள். இந்தத் தடவை பென்டிரைவில் இருந்து புதுச் சிஸ்டம் எழுந்து வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்திருந்தால் ஏற்றலாம். பிடித்திருந்தது. ஏற்று என்றதும், டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழிக்கட்டுமா என்று கேட்டது.

"எல்லாம்னா? அவுக பேசுனதுமா?" என்றாள் அக்கா.

"அது பென்டிரைவுல பத்திரமா இருக்கு."

"அப்ப அழிக்கதுக்கு முன்னால ஒரு தடவ போடுல. கேட்டுக்கிடுதேன்."

பென்டிரைவைத் திறந்தேன். புதுச் சிஸ்டத்தின் கோப்புகள் இருந்தன, நீங்கள் இல்லை. முந்தின நாள் அது கேட்ட கேள்வி அப்போதுதான் புரிந்தது. இதில் இருப்பதெல்லாம் அழியும், சரியா என்று கேட்டிருக்கிறது. அக்கா மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், மிச்சம் இருந்த ஒன்றையும் என் கையாலேயே அழித்திருப்பேன்.

ஏற்றுகிற வேலையை நிறுத்திவிட்டு, பழைய டிஸ்க்கைத் திறந்து தேடினேன். இருந்தீர்கள். அவசரத்தில் உடனே ஓடவிட்டேன். காலை ஜெபமாலைக்குப் போட்ட ஆம்ப்ளிஃபயரை யாரும் அணைக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"சங்கத்துல இருந்து சூசை பேசுதேன்..." கூரைக் குழாயில் உங்கள் குரல் கரை முழுக்கப் போனது. நான் தடுமாறி நிறுத்துவதற்குள் தண்ணீர் கேட்டுவிட்டீர்கள். அக்கா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ததேயு அண்ணன். வலை ஏற்றி, ஐஸ் ஏற்றி, வள்ளத்தைத் தள்ளப் போன ஆள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். "வானம் தெளிவா கெடக்கு, காத்தும் இல்ல. சூசை அண்ணன் போவாதங்காரு. நாங்க எதக் கேக்க?"

தவறுதலாகப் போட்டுவிட்டேன், போங்கள் என்றேன். ஒருவரும் நகரவில்லை. சூசை சொன்னபிறகு மச்சினன் கித்தேரியான் நான் சொல்லி வள்ளம் இறங்குமா? போகலாம் என்பதை அன்றன்றைக்கு மைக்கில் நேராகத்தானே சொல்வீர்கள், அதற்குப் பதிவும் கிடையாது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். வீட்டில் பேசவே யோசிக்கிறவள். "நான் சூசை வீட்டுக்காரி பேசுதேன். அவுக சொன்னது பழைய சேதி. கடல் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் தொழிலுக்குப் போங்க." மைக்கை அணைக்கப் போனவள், "பாத்துப் போங்க" என்றாள்.

போனார்கள் மச்சான். ஒவ்வொரு வள்ளமாக இறங்குவதைச் சன்னல் வழியாக நானும் அவளும் பார்த்தோம். விடிந்ததும் எல்லோரும் நல்லபடியாகக் கரை வந்தார்கள். ததேயு அண்ணன் அக்காவுக்கு ஒரு கூறு சாளை மீன் கொடுத்தனுப்பினார்.

உங்கள் பதிவை என் போனிலும் அக்கா போனிலும் லேப்டாப்பிலும் ஏற்றி, மூன்றிலும் போட்டுக் கேட்ட பிறகுதான் புதுச் சிஸ்டத்தை ஏற்றினேன். வானிலைப் பக்கம் இப்போது பளிச்சென்று திறக்கிறது. போகாதே என்பதை இன்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். போகலாம் என்பதைச் சொல்வது அக்கா. ஒவ்வொரு தடவையும் சேலையைச் சரிசெய்துகொண்டு, நடந்து வந்து, நேராகவே பேசுகிறாள்.

இவ்வளவு தூரம் நடப்பானேன், உன்னுடையதையும் பதிவு செய்து வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குல? நான்தான் இங்கன இருக்கேம்லா" என்றாள்.

இனி எந்தக் கேள்வியையும் படிக்காமல் சரி என்று அழுத்த மாட்டேன். அக்கா மைக்கைப் பிடித்தால் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும், கேட்காமலே எடுத்துக் கொடுப்பேன்.

அக்காவுக்குத் துணையாக இருக்கும்
உங்கள் மச்சினன்
கித்தேரியான்